சுவரைத் தட்டிக் கேட்டவள்

காமராஜ் முதலாளி வீட்டு ஹாலில் கல் பதிக்க வேண்டிய சுவரை முதல் நாள் தட்டிப் பார்த்தது மாரித்தாய்தான். அவள் புருசன், கொத்தனார் முனியசாமி, பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினோரு அடி உயரம், பதினாறு அடி நீளம். முதலாளியின் அப்பா வீடு கட்டியபோது பூசிய பூச்சு. அதன்மேல் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு கலர் என்று பெயிண்ட் தோல் தோலாக ஏறியிருந்தது. மாரித்தாய் சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்து, மரப்பிடியால் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போனாள். பூச்சு செங்கலோடு ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியாக ஒரு சத்தம் வரும். உள்ளே விட்டுப்போயிருந்தால் காலி டப்பாவைத் தட்டியதுபோல இருக்கும். அப்படி வந்த இடமெல்லாம் கரித்துண்டால் வட்டம் போட்டாள்.

"சன்னல் ஓரத்துல இருந்து நடுச்சுவரு வரைக்கும் பொள்ளல் மாமா! மேல நல்லாருக்கு!" என்று கத்தினாள்.

முனியசாமி தலையாட்டினான்.

காமராஜ் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவசரமாக இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தார். கார்த்திகை மாதம். காலண்டர் ஆர்டர் எல்லாம் ஒன்றாக வந்து குவிந்திருக்க, அவருடைய அச்சகத்தில் மிஷின்கள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு அவர் வருவதே குளிக்கவும் சாப்பிடவும்தான்.

"கடையில ஏதோ பசை விக்கிதாமே. அத வச்சு நேரா ஒட்டிற முடியாதா? தையில பாப்பாவுக்கு நிச்சயதார்த்தம் வச்சிருக்கேன்" என்றார்.

மாரித்தாய் புருசன் பக்கம் திரும்பினாள். "நேரா ஒட்ட முடியாதான்னு மொதலாளி கேக்காக, மாமா!"

"ஒட்டலாம் மொதலாளி" என்றான் முனியசாமி. அவன் குரல் எப்போதும் தணிந்தே இருக்கும். "பசை பெயிண்டத்தான் புடிச்சுக்கிடும். பெயிண்டு சுவத்த விட்டுரும். ஒரு கல்லு பதினஞ்சு கிலோ இருக்கு. கீழ ஆளு உக்காந்திருக்கும்போது கழண்டு விழுந்தா என்ன செய்ய? பெயிண்டு, பொள்ளல் எல்லாத்தையும் கொத்தி எடுத்து, செங்கல்லு தெரியணும். வலை அடிச்சு, புதுசாப் பூசி, ஒரு வாரம் தண்ணி விடணும். அப்புறந்தான் கல்லு."

"சரி சரி, நல்லாச் செய்யுங்க" என்று முதலாளி எழுந்தார். கை கழுவப் போகும்போது சிரித்துக்கொண்டே கேட்டார், "ஏம்மா, பக்கத்துல நிக்கிற புருசன்கிட்ட எதுக்கு இம்புட்டுச் சத்தம்?"

"பட்டாசு கம்பெனியில வேல பாத்தவ மொதலாளி. நாப்பது பொம்பளைக ஒண்ணாப் பேசுற எடம். சத்தமாப் பேசியே பழகிப்போச்சு" என்றாள் மாரித்தாய், கொஞ்சமும் தயங்காமல். எத்தனையோ வீடுகளில் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது வாயில் ஊறிப்போயிருந்தது.

முனியசாமிக்கு இடது காது அறவே கேட்காது. வலது காதில், வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும். கொத்தனார் செவிடு என்று தெரிந்தால் யார் வீட்டுக்குள் விடுவார்கள்? சாரத்தில் நிற்கிறவனைக் கீழிருந்து கூப்பிட்டால் திரும்ப வேண்டாமா? வேலை பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி சங்கரலிங்கத்துக்கு மட்டும் விஷயம் தெரியும். "ஒஞ் சம்சாரம் கூட இருந்தா எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டார். அதனால் மாரித்தாய் சித்தாளாகப் புருசனோடு கூடவே போனாள். கலவை சுமப்பதைவிட இந்த வேலைதான் பெரிது. வீட்டுக்காரர்கள் சொல்வதைத் தன் கேள்விபோலத் திருப்பிக் கத்துவாள். சுவரைத் தட்டி அவனுக்காகக் கேட்டுச் சொல்வாள்.

காது போனது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே ஒரு பட்டாசு கம்பெனியில் புது ஷெட் கட்டும் வேலை முனியசாமிக்குக் கிடைத்திருந்தது. அதே கம்பெனியில்தான் மகள் மாரிசெல்வியும் வேலை பார்த்தாள். பத்தொன்பது வயசு. தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது, காலை பத்தரை மணிக்கு மருந்து அறை வெடித்தது. உள்ளே இருந்த ஏழு பேரில் ஒருத்தியும் மிஞ்சவில்லை. நூறு அடி தள்ளிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த முனியசாமியைக் காற்று தூக்கி மணல் குவியலில் எறிந்தது. எழுந்து ஓடினான். சுற்றி எல்லோரும் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தானாம். ஏன் ஒருவரும் சத்தம் போடாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தானாம்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு என்பது கத்தலாகிப்போனது. சோறு, தண்ணீர், பஸ், மழை, ரேஷன், எல்லாவற்றையும் கத்திச் சொல்லலாம். கத்திச் சொல்ல முடியாத ஒன்று மாரித்தாயிடம் இருந்தது.

அன்று காலை செல்வி வேலைக்குப் போக மாட்டேன் என்றாள். அதுவரை பேக்கிங்கில் இருந்தவளை அந்த வாரம் மருந்து அறைக்கு மாற்றியிருந்தார்கள். "பயமாருக்கும்மா. கைய வைக்கவே நடுங்குது" என்றாள். மாரித்தாய் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். "சீசன் நேரத்துல நின்னா அப்புறம் சேத்துக்கிட மாட்டாக. தீபாவளி வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டுப் போ" என்றாள். செல்வி நகராமல் நின்றாள். கம்பெனி வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. எரிச்சலில் மாரித்தாய் அவள் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டு, "தெருமுனையில ஒங்கப்பா நிக்காக, சைக்கிள்ல போ" என்று கதவைச் சாத்தினாள்.

இதைப் புருசனிடம் எப்படிச் சொல்வது? காதோடு காதாகச் சொல்ல வேண்டிய பேச்சு. அவன் காதோ கத்தினால்தான் திறக்கும். அண்டை வீட்டுச் சுவரெல்லாம் கேட்க இதைக் கத்துவதா? நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வருஷம் போனது. ஆடியில் இருக்கன்குடி கோயிலுக்குப் போனபோது மாரியாத்தாளிடமாவது சொல்லிவிடலாம் என்று போனாள். பின்னால் கூட்டம் தள்ளியது. "ஆத்தா" என்று வாயெடுப்பதற்குள் வெளியே வந்துவிட்டிருந்தாள்.

முதலாளி வீட்டில் மூன்று நாள் பெயிண்ட் சுரண்டி, பொள்ளலைக் கொத்தி இறக்கும் வேலை நடந்தது. ஹாலில் இருந்த சாமான்களை எல்லாம் ஒதுக்கிப் பழைய சேலைகளைப் போர்த்தியிருந்தார்கள். முதலாளி வீட்டம்மா சொர்ணலட்சுமிக்கு ஐம்பது வயசுக்குள்தான் இருக்கும். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. மகள் ஹர்ஷினி கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். சமையல்காரி காலையில் வந்து பதினோரு மணிக்குப் போய்விடுவாள்.

தூசி பறக்கும் ஹாலில் இந்த அம்மா ஏன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று மாரித்தாய்க்கு முதலில் புரியவில்லை. வேலையைக் கண்காணிக்கிறாள் போலும் என்று நினைத்தாள். இடிசலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்வரும்போதெல்லாம் உள்ளே பேச்சுக்குரல் கேட்கும். அவள் வந்ததும் நின்றுவிடும்.

இரண்டாம் நாள் மத்தியானம் சொர்ணலட்சுமி அவளைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு தட்டு நிறைய இட்லி கொடுத்தாள். காலையில் தனக்கென்று எடுத்து வைத்தது, ஆறிப்போயிருந்தது.

"நீங்க சாப்பிடலயாம்மா?"

"எனக்கு ஆச்சு" என்றாள். பிறகு சொன்னாள், "ஒங்க வீட்டுக்காரரு ரொம்ப நல்ல மனுசன். எது சொன்னாலும் குறுக்க பேசாமக் கேட்டுக்கிடுதாரு. எங்க வீட்டுல அப்படி ஒரு ஆளு கெடயாது."

மாரித்தாய் இட்லியைப் பிட்டுக்கொண்டே சிரித்து வைத்தாள். முனியசாமிக்கு வேலை செய்யும்போது தலை தானாக ஆடும். உளியை வைத்து அடிக்கும் அடிக்கெல்லாம் ஒரு ஆட்டம். அதை இந்த அம்மா என்னவென்று எடுத்துக்கொண்டாளோ!

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவன் காதில் கேட்டாள், "அந்தம்மா ஒங்ககிட்ட என்ன பேசுறாக?"

"பேசுறாகளா?" என்றான். "வேலையத்தான் பாக்காகன்னு நெனச்சேன்."

மூன்றாம் நாள் மாரித்தாய் வேண்டுமென்றே மெல்ல வந்தாள். கதவுக்குப் பின்னால், காலிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முனியசாமி குத்தவைத்து உட்கார்ந்து சுவரின் அடிப்பக்கம் கொத்திக்கொண்டிருந்தான். சொர்ணலட்சுமி அவன் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். சத்தமாகக்கூட இல்லை.

"நேத்தும் சோறு எறங்கல கொத்தனாரே. ஆவணியில இருந்தே இப்படித்தான். மொதல்ல கெட்டியா எது தின்னாலும் நெஞ்சுக்குழியில நிக்கிற மாதிரி இருந்துச்சு. இப்ப கஞ்சித் தண்ணிகூட ரெண்டு மடக்கு சேந்தாப்புல எறங்க மாட்டேங்குது. முந்தாநாள் துப்புனதுல ரத்தம்." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்க சித்தி இப்படித்தான் போச்சு. அதனால எனக்குத் தெரியும். இப்பச் சொன்னா மதுரை, மெட்ராஸ்னு தூக்கிட்டு ஓடுவாக. சம்பந்தகாரக காதுக்குப் போகும். தாய்க்கு இந்தச் சீக்கு, நாளைக்கு மகளுக்கும் வரும்னு கையக் கழுவிருவாக. நிச்சயம் முடியட்டும். கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் தள்ளிருவேன். என்ன சொல்லுதீக?"

முனியசாமியின் தலை ஆடியது. உளி சுவரில் இறங்கியது.

"நீங்களும் அதான் சரிங்கிறீக" என்றாள் சொர்ணலட்சுமி. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாரித்தாய் திரும்பிக் கொல்லைக்கே போய்விட்டாள். மணல் குவியல் பக்கத்தில் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். கேட்காததுபோல இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் ஒரு மனுசி உயிர் போகிற காரியத்துக்கு யோசனை கேட்டு, செவிடன் தலையாட்டியதைச் சரி என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் தலையாட்டலுக்குத் தானும் அல்லவா பொறுப்பு? காது கேட்கும் என்று வீடு வீடாகச் சொல்லி நடத்தியது அவள்தானே.

மறுநாள் சமையல்காரி போனதும் மாரித்தாய் சமையல்கட்டு வாசலில் போய் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கிடக் கூடாது."

"என்ன? கலவைக்குச் சாமான் பத்தலையா?"

"எம் புருசனுக்குக் காது கேக்காதும்மா."

சொர்ணலட்சுமி கையில் இருந்த டம்ளரை மேடையில் வைத்தாள். முகம் முதலில் வெளுத்து, பிறகு சிவந்தது.

"காது கேக்காதா? மூணு நாளா நான்..."

"ஒரு வார்த்த அவுகளுக்கு விழுகல. பட்டாசு வெடிச்சதுல போயிருச்சு. வேல கெடைக்காதுன்னு நாங்க சொல்றதில்ல. ஒங்கள ஏமாத்தணும்னு இல்லம்மா."

"வெளிய போ" என்றாள் சொர்ணலட்சுமி. மாரித்தாய் நகரவில்லை. சொர்ணலட்சுமியே, "நல்லதாப் போச்சு. விழுகாதது நல்லதாப் போச்சு" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். உடனே தலையைத் தூக்கினாள். "நீ கேட்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "கேட்டேம்மா" என்றாள் மாரித்தாய்.

"எம்புட்டு?"

"ரத்தம் வந்தது வரைக்கும்."

சொர்ணலட்சுமி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யாருகிட்டயும் சொல்லிறாத தாயி. எம் மக வாழ்க்க."

"நான் ஏன் சொல்லப்போறேன்? நீங்க சொல்லுங்க. மொதலாளிகிட்ட இன்னைக்கே சொல்லுங்க. எம் புருசன் தலையாட்டுனது உளி அடிச்ச ஆட்டம்மா. அத யோசனைன்னு எடுத்துக்கிடாதீக."

"சொல்லுன்னு லேசாச் சொல்லிட்ட. எப்படிச் சொல்ல? இம்புட்டு நாளு ஏன் மறச்சேன்னு கேட்டா என்ன பதில் சொல்ல? ஒண்ண ஒளிச்சு வச்சிட்டா, அப்புறம் ஒளிச்சதுக்கே பயமாயிருது" என்றாள் சொர்ணலட்சுமி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபமாகவே கேட்டாள், "நீ ஒம் புருசன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

மாரித்தாய் திரும்பி ஹாலுக்கு வந்தாள்.

சுவர் முழுக்க உரிந்து, செங்கல் வரிசை வரிசையாகத் தெரிந்தது. முனியசாமி சாரத்தின் மேல் நின்று கோழிவலையை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான். பூசுவதற்கு முன்னால் செங்கல் தண்ணீர் குடிக்க வேண்டும். மாரித்தாய் வாளியை எடுத்துச் சுவரில் வீசினாள். செங்கல் உறிஞ்சி உறிஞ்சி இழுத்துக்கொண்டது. இரண்டாவது வாளி. மூன்றாவது வாளியைத் தூக்கியவள் கீழே வைத்துவிட்டு, சாரக்கம்பைத் தட்டினாள். கம்பின் அதிர்வு காலில் தட்டினால் அவன் குனிந்து பார்ப்பான்.

"கீழ எறங்குங்க மாமா!"

இறங்கினான். "என்ன, செங்கல்லு ஏதும் ஆடுதா?"

அவள் அவனுடைய வலது காதுப் பக்கம் வாயைக் கொண்டுபோனாள். மெதுவாகத்தான் வந்தது. "அன்னிக்குச் செல்வி..."

"என்ன?"

"செல்வி அன்னிக்கு..."

"சிமெண்டா? மூட்ட வந்துருச்சா?"

மாரித்தாய் மூச்சை இழுத்தாள். அந்தப் பெரிய காலி ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "செல்வி அன்னிக்குப் போக மாட்டேன்னு சொன்னா மாமா! மருந்து ரூமுல போட்டிருக்காக, பயமாருக்கும்மான்னு சொன்னா! நாந்தான் போகச் சொன்னேன்! கையப் புடிச்சு வெளிய விட்டுக் கதவச் சாத்துனது நாந்தான்! எம் புள்ளய நாந்தான் அனுப்பிச்சேன்!"

முனியசாமி கையில் சுத்தியலோடு நின்றான். கேட்டது என்று அவன் முகத்தில் தெரிந்தது. மாரித்தாய் அடிக்கட்டும் என்று நின்றாள். ஏசட்டும், சுத்தியலை வீசட்டும், எதுவானாலும் சரி.

அவன் சாரத்தின் கீழ்ப்பலகையில் உட்கார்ந்தான். தூசி அப்பிய கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டான். பிறகு அந்தத் தணிந்த குரலில் சொன்னான், "எங்கிட்டயும் சொன்னா."

மாரித்தாய்க்கு விளங்கவில்லை.

"சைக்கிள்ல போகும்போது. ஓடைப் பாலம் தாண்டுனதும் பின்னால இருந்து சட்டையப் புடிச்சு இழுத்தா. 'அப்பா, திருப்புங்கப்பா, வீட்டுக்குப் போயிருவோம்'னா. நான் ஒரு கால ஊணி நின்னேன். நின்னேன் புள்ள. நேரமாச்சுன்னு திரும்பவும் மிதிச்சேன். 'அப்பா அங்கனதான இருக்கேன், என்ன பயம்'னேன். அப்புறம் அவ ஒண்ணும் பேசல." அவன் வலது காதைத் தொட்டுக்கொண்டான். "அப்ப எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு."

அவள் அவனுக்கு எதிரே தரையில், ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன் மாமா எங்கிட்டச் சொல்லல?" கத்த மறந்துவிட்டாள். ஆனால் அவள் வாயைப் பார்த்து அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"சொன்னா நீ என்னமும் சொல்லுவ. அது எனக்குக் கேக்காது. என்ன சொன்னியோன்னு தெரியாமலே கெடக்கணும். அதுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லல."

இரண்டு பேரும் அழுதார்கள். தொட்டுக்கொள்ளவில்லை. சுவரிலிருந்து தண்ணீர் வடிந்து அவர்கள் காலடியில் தேங்கியது. முனியசாமி, "சுவரு காஞ்சிரும், தண்ணிய விடு" என்று எழுந்து சாரத்தில் ஏறினான். மாரித்தாய் வாளியை எடுக்கக் குனிந்தபோது மாடிப்படியில் சொர்ணலட்சுமி நிற்பதைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. திரும்பி மேலே போனாள்.

மறுநாள் காலையில் அவர்கள் வந்தபோது வீட்டு வாசலில் கார் இல்லை. சமையல்காரிதான் கதவைத் திறந்தாள். "ஐயாவும் அம்மாவும் விடியக்காலையிலேயே மதுரைக்குப் போயிட்டாக. ராத்திரி ஐயா அழுத சத்தம் தெருவுக்கே கேட்டுச்சாம்" என்றாள் ரகசியமாக.

அந்த வாரம் முழுக்க அவர்கள் வரவில்லை. முனியசாமி சிமெண்ட் பால் அடித்து, கெட்டிக் கலவையில் இரண்டு தடவையாகப் பூசினான். மேல் பூச்சைத் தேய்த்து வழவழப்பாக்காமல், கல் பிடிக்கும்படி கரண்டி முனையால் கீறிவிட்டான். மாரித்தாய் மூன்று வேளையும் தண்ணீர் விட்டாள். வேலை முடித்து வீட்டுக்குப் போனபின் இருவரும் முன்போலத்தான் இருந்தார்கள். சோறு, தண்ணீர், பஸ். அன்று பேசிய பேச்சை இரண்டு பேரும் திரும்ப எடுக்கவில்லை. ஒரு மாற்றம் மட்டும் இருந்தது. மூன்று வருஷமாகப் புரண்டு புரண்டு தூங்கிய மாரித்தாய், படுத்ததும் தூங்கிப்போனாள். எழுந்தபோது அதற்காக வெட்கப்பட்டாள்.

எட்டாம் நாள் முதலாளி மட்டும் வந்தார். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "உணவுக்குழாய்ல கட்டி. நாலு மாசம் முந்தி வந்திருக்கக் கூடாதான்னு டாக்டர் ஏசுறாரு. கட்டி கரைய கரண்ட் வச்சுப் பாப்போம்ங்கிறாரு" என்று சொல்லிச் சுவரைப் பார்த்தார். "நிச்சயதார்த்தம் நின்னுபோச்சு. எப்படியோ சம்பந்தகாரகளுக்குத் தெரிஞ்சிருச்சு. ஜாதகம் சரியில்லன்னு சொல்லி அனுப்பிட்டாக."

மாரித்தாய் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். அந்த அம்மா பயந்தது அப்படியே நடந்துவிட்டது. சொல்லச் சொன்னவள் தான்தான். "மொதலாளி, கல்லு பதிக்கணுமான்னு..." என்று இழுத்தாள்.

"பதிங்க. அவ வரும்போது ஹாலு இப்படிக் கெடக்கக் கூடாது" என்றார்.

ஒன்பது நாள் கல் பதித்தார்கள். வரிசைக்கு வரிசை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் கம்பி முடுக்கி, கீழிருந்து மேலே ஏற்றினான் முனியசாமி. மாரித்தாய் கல்லை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக் கொடுத்தாள். பதித்து முடித்த கடைசி நாள்தான் சொர்ணலட்சுமி வந்து சேர்ந்தாள். மகள் ஹர்ஷினி தாங்கிப் பிடித்து அழைத்து வந்தாள். கழுத்துக்குக் கீழே தோல் கருத்திருந்தது. குரல் கம்மியிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். "நல்லாருக்கு கொத்தனாரே" என்றாள்.

மாரித்தாய் வாயைத் திறப்பதற்குள் முனியசாமி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

மாரித்தாய் அவள் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்தாள். "நான் சொல்லப்போயித்தான பாப்பா சம்பந்தம் போச்சு. என்னை மன்னிச்சிருங்கம்மா."

சொர்ணலட்சுமி தலையை அசைத்தாள். ஒவ்வொரு சொல்லாகத்தான் பேச முடிந்தது. "போனவக போகட்டும். எனக்கு இன்னும் எம்புட்டு நாளு இருக்குன்னு தெரியல. ஒளிஞ்சு ஒளிஞ்சு துப்பிக்கிட்டுச் சாகாம, இவ மடியில படுத்துக்கிட்டு இருக்கேன். அதுபோதும்." ஹர்ஷினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் கூட்டம். வேனைத் தவறவிட்ட பட்டாசு கம்பெனிப் பெண்கள் விரல் நுனியெல்லாம் வெள்ளிநிற மருந்துப்பொடி படிந்த கைகளோடு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்கள். முனியசாமிக்குப் பக்கத்தில் மாரித்தாய்க்கு இடம் கிடைத்தது. ஜன்னல் வழியாகக் கருவேலங்காடு இருட்டிக்கொண்டு வந்தது. வெம்பக்கோட்டை தாண்டியதும் முனியசாமி அவள் பக்கம் சாய்ந்தான்.

"அன்னிக்குக் காலையில அவ என்னமும் சாப்பிட்டாளா?"

மாரித்தாய் சுற்றிலும் பார்த்தாள். பஸ் நிறைய ஆட்கள். எல்லோரும் தெரிந்த ஊர்க்காரர்கள். அவன் காதில் வாயை வைத்தாள்.

"கஞ்சி குடிச்சா! அரைச் சொம்பு!"

நாலைந்து தலைகள் திரும்பின.

"தொட்டுக்கிட?"

"ஊறுகா கேட்டா! இல்லன்னுட்டேன்! வெங்காயம் கடிச்சுக்கிட்டா!"

"எந்தச் சேல? மறந்துபோச்சு."

"சேல இல்ல! பச்சைத் தாவணி! நீங்க எடுத்துக் குடுத்தது!"

 கண்டக்டர் டிக்கெட் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்தார். எதிரே நின்ற கருப்பம்மாளுக்கு விஷயம் தெரியும். அவளும் அந்தக் கம்பெனியில் இருந்தவள்தான். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சைக்கிள்ல வரும்போது பயத்துல வாய்க்குள்ளயே ஏதோ பாடிக்கிட்டே வந்தா, பாலம் வர வரைக்கும். என்ன பாட்டுன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன், வரமாட்டேங்குது" என்றான் முனியசாமி.

மாரித்தாய்க்கும் அது தெரியாது. தெரியாது என்று அவன் காதில் கத்திச் சொன்னாள்.